அம்மாவின் தொழில்

இறப்பைப் பதிவு செய்யப் போனபோது அந்தத் தாளில் 'தொழில்' என்று ஒரு இடம் இருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அம்மா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "வீட்லதாங்க இருந்தாங்க" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த மறு வாரத்திலிருந்து இடுப்பு முறிந்து படுக்கும்வரை வயலே கதி என்று இருந்தவளை, வீட்டில் இருந்தாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் நட்டு, அறுத்து, அவித்துப் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த வாய்தான் அதைச் சொன்னது. திரும்பிப் போய் மாற்றச் சொல்லலாமா என்று நினைத்தேன். உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள். கருமாதிக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. போகவில்லை. அம்மா போனது 2022 ஆனியில். அன்று முதல் அது உள்ளே கிடந்து அரிக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. ஆதார் அட்டையில் இருக்கும் ஜனவரி 1 யாரோ வசதிக்காகப் போட்டது. வயது கேட்டால், "புதாறு வந்து ஏழாவது வருசம் பொறந்தவ நான்" என்பாள். கணக்கு சரியாகத்தான் வரும். மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934. அந்தத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய். கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர் ஊருக்குள்ளேயே புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தெற்கே வருகிறது. கல்லணைக் கால்வாய் என்பது தாளில் இருக்கிற பெயர். எங்கள் ஊரில் அது புதாறு. தொண்ணூறு வருடம் தாண்டிவிட்ட ஆற்றை இன்னமும் புது ஆறு என்றுதான் சொல்கிறோம். அதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் மழையையும் ஏரி குளத்தையும் நம்பிய மேட்டுப் பூமி. நெல்லுச்சோறு என்பது விருந்துக்குத்தான் என்று அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கணக்குப்படி அம்மா பிறந்தது 1941. பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. 1958-ல், பதினேழு வயதில், எட்டு மைல் தள்ளி இருக்கும் எங்கள் ஊருக்குக் கூட்டு வண்டியில் வந்து இறங்கினாள். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே, புதாற்றின் கிளை வாய்க்கால் ஒன்று போய் முடிகிற ஊர். கடைமடை என்று சொல்வது இதைத்தான். ஆற்றில் தண்ணீர் விட்ட சேதி முதலில் காதுக்கு வரும். தண்ணீர் கடைசியில் வரும். மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சி, குளம் குட்டை ரொம்பி, மிச்சம் இருந்தால் நமக்கு. அம்மா பிறந்த ஊர் வாய்க்காலின் தலைப்புப் பக்கம். "எங்க ஊர்ல தண்ணிக்கு நாங்க காத்திருந்ததே இல்ல. இஞ்ச வந்துதான் காத்திருக்கக் கத்துக்கிட்டேன்" என்று ஒருமுறை சொன்னாள்.

வயல் ஒன்பது மா. எங்கள் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர். அது போகக் கொல்லை ஆறு மா. எல்லாம் அப்பா பெயரில். அப்பா வண்டி ஓட்டினார். சொந்த மாடு, சொந்த வண்டி. நெல் மூட்டை, வைக்கோல், அதிராம்பட்டினத்திலிருந்து உப்பு, கருவாடு என்று எதையாவது ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பார். உழவுக்கும் பரம்படிக்கவும் வருவார். மற்றபடி விதை, நாற்றங்கால், நடவு, களை, தண்ணீர், அறுப்பு எல்லாம் அம்மா கையில். ஊரில் கேட்டால் அப்பாதான் சம்சாரி, பயிர் வைக்கிறவர். அப்பாவிடமே கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். முறைத் தண்ணி விட்டிருந்தார்கள். எங்கள் முறை ராத்திரியில் வந்தது. அப்பா வண்டியோடு போயிருந்தார். அம்மா தங்கச்சியை அப்பாயியிடம் படுக்கப் போட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, என் கையில் அரிக்கேன் விளக்கைக் கொடுத்தாள். வரப்பில் நான் முன்னால், அவள் பின்னால். தவளைச் சத்தம் காதை அடைத்தது. வயலுக்குப் போனால் வாய்மடையில், வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில், தண்ணீர் நூல் போல வருகிறது. அவள் குனிந்து தண்ணீரில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். "மேல வெட்டி விட்டுருக்காங்க" என்றாள். நான் பார்த்ததும் அதே தண்ணீர்தான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கால் ஓரமாகவே நடந்தோம். இரண்டு வயல் தாண்டி உடைப்பு இருந்தது. பங்காளி ஒருவர் தன் வயலுக்குத் திருப்பி விட்டு, வரப்பில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

அம்மா சண்டை போடவில்லை. உடைப்பில் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டு, காலால் மிதித்து அடைத்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அந்த அடைப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் எழுந்து கத்தினார். "மாமா, உங்க முறை விடிஞ்சுதான். விடிஞ்சதும் நானே வந்து தெறந்து விடுறேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அவர் என்ன சொன்னாலும் பதில் இல்லை. நான் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன். விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள், சேலை முழங்கால்வரை நனைந்து சேறாகி இருந்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்திருந்தது. சொன்னபடியே எழுந்து, அவருக்குத் திறந்து விட்டுவிட்டு வந்தாள்.

நான் பிறப்பதற்கு முன்னாலும் பிறந்த புதிதிலும் நடந்தவை சிலவற்றை அப்பாவே சொல்லியிருக்கிறார். 1960-லேயே தஞ்சாவூர் ஜில்லாவை 'பேக்கேஜ்' திட்டத்துக்கு எடுத்துவிட்டார்கள். புது விதை, உரம், மருந்து என்று ஜீப்பில் ஆட்கள் வருவார்கள். ஆடுதுறை 27 வந்தது. பிறகு ஐ.ஆர்.8 வந்தது. விளைச்சல் இரட்டிப்பாகும் என்று திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் விளக்கியிருக்கிறார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டு உள்பக்கம் திரும்பிப் பார்த்தாராம். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வைக்கோல் எவ்வளவு வரும்?" வந்தவர்களுக்கு அது எதிர்பார்க்காத கேள்வி. ஐ.ஆர்.8 குட்டைப் பயிர். நெல் கொட்டும், வைக்கோல் குறையும். இரண்டு வண்டி மாடும் ஒரு பசுவும் கன்றும் கட்டியிருக்கிற வீட்டில், வருடம் பூரா அதுகளுக்கு என்ன போடுவது? கடைசியில் மூன்று மாவில் மட்டும் புது நெல், மிச்சத்தில் பழைய சம்பா என்று முடிவானது. முடிவெடுத்தது யார் என்று நான் அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விதை விஷயத்தில் அம்மா யாரையும் நம்ப மாட்டாள். அறுப்புக்கு முன்னாலேயே வயலில் நடந்து, எந்தப் பக்கம் கதிர் கலப்பில்லாமல் ஒரே சீராக நிற்கிறது என்று பார்த்துவைப்பாள். அந்த இடத்து நெல்லைத் தனியாக அடித்து, தூற்றி, பனியிலும் வெயிலிலும் மாற்றி மாற்றிக் காயவைத்து, நொச்சி இலை போட்டு, வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டுவாள். பிள்ளைகள் யாரும் அதன்மேல் உட்காரக் கூடாது. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைக்கோட்டையைப் பிரித்துக் குத்திப் பொங்கியதில்லை. ஒரு வருடம், எந்த வருடம் என்று நினைவில்லை, ஐப்பசி கார்த்திகையில் மரவள்ளிக்கிழங்கை அவித்தே இரண்டு வேளை ஓட்டினோம். கோட்டை மூன்று, பரணுக்குக் கீழே அப்படியே இருந்தது. தங்கச்சி அதைப் பார்த்து அழுதாள். "அது அடுத்த வருசத்துச் சோறு. இந்த வருசத்துல திங்கக் கூடாது" என்றாள் அம்மா.

நெல் அவிக்கிற நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. முதல் நாளே அண்டாவில் நெல்லை ஊறப் போட்டுவிடுவாள். விடிய மூன்று மணிக்கு அடுப்பை மூட்டினால் மட்டையும் பன்னாடையும் படபடவென்று எரியும். அண்டா வாயில் ஈரச் சாக்கு. ஆவி சாக்கைத் தாண்டிக் கிளம்பி, மேலாக இருக்கிற நெல்லில் ஒன்றிரண்டு வாய் பிளந்ததும் இறக்கிவிட வேண்டும். முந்தினால் மில்லில் நொய்யாகப் போய்விடும், பிந்தினால் சோறு குழையும். கடிகாரம் கிடையாது. மணத்தை வைத்தே சொல்வாள். தூங்கிக்கொண்டிருக்கிற எங்கள் மூக்குக்கும் அந்த மணம் வரும், ஆனால் எந்த மணத்தில் இறக்க வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் இன்றுவரை பிடிபடவில்லை.

விடிந்ததும் களத்தில் கொட்டிப் பரப்புவாள். அரை மணிக்கு ஒரு தரம் துழாவி விட வேண்டும். இரண்டு பாதத்தையும் தரையை விட்டு எடுக்காமல், நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடப்பாள். பின்னால் கலப்பை போன மாதிரி வரிவரியாக விழும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி ஒன்றுபோல இருக்கும். நாங்களும் நடப்போம், எங்களுடையது கோணல்மாணலாகப் போகும். சாயங்காலம் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைப்பாள். நசுக்கென்று போனால் இன்னும் ஈரம். அவள் கடித்து, டக்கென்ற சத்தம் திண்ணையில் இருக்கிற எனக்கே கேட்டால், சாக்கு எடுத்து வா என்று அர்த்தம். மில்லுக்காரர் அம்மா கொண்டுவந்த நெல்லைக் கையில் அள்ளிக்கூடப் பார்க்க மாட்டார். "அத்தாச்சி காய வச்ச நெல்லா, கொட்டு" என்பார்.

பிள்ளைகள் ஐந்து. மிஞ்சியது நாலு. எனக்கு முன்னால் ஒரு அண்ணன், பதினோரு மாதத்தில் வாந்தி பேதியில் போனான். அப்போது நடவு நேரம். எட்டு நாள் கழித்து அம்மா நடவுக்குப் போயிருக்கிறாள், பால் கட்டிய மாரோடு. இதை அம்மா சொன்னதில்லை, சின்னம்மா சொன்னது. நடவுப் பாட்டுக்கு அம்மாவின் குரல்தான் முன்குரல். அந்த வருடம் அவள் பாடவில்லை, வேறு யாரும் பாடவில்லை என்று சின்னம்மா சொன்னாள். எனக்குத் தெரிந்து கார்த்திகைக் கடைசிச் சோமவாரத்தில் ஒரு வருடம்கூட அம்மா பரக்கலக்கோட்டைக்குப் போகாமல் இருந்ததில்லை. பொது ஆவுடையார் கோயில் திங்கட்கிழமை நடு ராத்திரியில்தான் நடை திறக்கும். வெள்ளால மரம்தான் சாமி. விளைந்ததில் ஒரு பங்கை மடியில் கட்டிக்கொண்டு, முன்னெல்லாம் நடந்தே போவாள். அங்கே என்ன வேண்டிக்கொள்வாள் என்று கேட்டதற்கு ஒரே ஒரு தடவை பதில் வந்தது: "இருக்கறது இருக்கட்டும்னு."

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைத் தெய்வம் என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான், எனக்கும் அழுகை வந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க அந்த வார்த்தை எனக்கு ஒட்டவில்லை. தெய்வம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால், அவள் என்னென்ன தெரிந்து வைத்திருந்தாள் என்று கேட்கிற வேலை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. தண்ணீரில் கை வைத்து மேலே உடைப்பு இருக்கிறது என்று சொல்வது அருள் இல்லை. வருடக்கணக்காக ராத்திரி ராத்திரியாக நின்று கற்றுக்கொண்டது. களை எடுக்கப் போனவள் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் மடி நிறையக் கொண்டுவந்து கடைந்து போட்டதும் அப்படித்தான். எந்தக் கீரை எந்த மாதம் எந்த வரப்போரம் இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

1984-ல் நான் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்தேன். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அவள் அம்மா போட்டு அனுப்பிய தோடு. மீட்டுவிடலாம் என்றுதான் வைத்தோம். வட்டி ஏறி, தவணை தப்பி, கடைசியில் மூழ்கிப்போனது. காது தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகிக்கொள்வாள். இரண்டு நாளைக்கு ஒரு தரம் புதுக் குச்சி. நான் வேலைக்குப் போய் முதலில் வாங்கிக் கொடுத்தது தோடுதான். ஒரு தைப்பொங்கலுக்குப் போட்டாள். அடுத்த ஆவணியில் தங்கச்சி கல்யாணத்துக்கு அது போய்விட்டது. மறுபடி குச்சி. மறுபடி வாங்கித் தருகிறேன் என்றால், "நீ வாங்கிக் குடுத்தா அதுவும் எதுக்காச்சும் போயிடும் தம்பி" என்று தட்டிக் கழித்துவிடுவாள்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவர். கோபக்காரர். சோற்றுத் தட்டு முற்றத்தில் போய் விழுந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மா தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவாள், பொழுது சாய்ந்துதான் வருவாள். அதைப் பொறுமை என்று பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வலித்தது. அப்பா அவளைக் கூப்பிடுவது "இந்தா" அல்லது "ஏ புள்ள". அவள் அவரை "ஏங்க".

2005-ல் அப்பாவுக்கு வலது கை காலும் வாயும் இழுத்துக்கொண்டது. ஆறு வருடம் கட்டில். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட்டு, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டாள். பார்க்க வந்த டாக்டர் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த நர்ஸ் வருகிறார் என்று எங்களிடம் கேட்டார். அப்பாவின் பேச்சு குழறிப்போயிருந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொல்லைக்குப் போயிருந்தாள். அப்பா தலையைத் திருப்பி, தட்டுத் தடுமாறி, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் வாழ்நாளில் அவர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டது அதுதான் முதல் முறை. அம்மா வாளியோடு வாசலில் வந்து நின்றாள். "என்னங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாளா என்று சைகையில் கேட்காமல் அவர் வாயைத் திறப்பதில்லை. அதற்காகவே அவர் எதிரில் ஒரு கவளம் முதலில் தின்று காட்டுவாள்.

அந்த ஆறு வருடமும் சாகுபடி நிற்கவில்லை. ஒரு வருடம் தை மாசி, கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடந்தது. எங்கள் நெல்லுக்கு முறை வர நாலு நாள் ஆனது. தம்பி பகலில் இருப்பான், ராத்திரிக்கு அம்மா போய்ப் படுதாவை இழுத்துப் போட்டுக்கொண்டு நெல் அம்பாரத்துக்குப் பக்கத்தில் படுத்துக் காவல் காத்தாள். அங்கே ஒருவர் சிட்டா அடங்கலைப் பார்த்துவிட்டு, "இவரு வரலையா? பொம்பளைய அனுப்பியிருக்கீங்க" என்றாராம். அம்மா அதை எங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். தாளில் அப்பா பெயர் இருக்கிறது, அவர் கேட்டதில் என்ன தப்பு என்பது போலச் சொன்னாள்.

நூறு நாள் வேலை எங்கள் பக்கம் வந்தபோது அம்மா அட்டை வாங்கிவிட்டாள். வீட்டில் பெரிய ரகளை. நிலம் இருக்கிற வீட்டுப் பொம்பளை வாய்க்கால் வெட்டப் போவதா என்று மாமா குதித்தார். நானும் திருச்சியிலிருந்து போன் பண்ணி, காசு வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றேன். "அந்த அட்டையில என் பேரு இருக்கு. என் போட்டோ இருக்கு" என்றாள். அப்பாவுக்குக் காலைச் சோறு ஊட்டிவிட்டுப் போவாள், மத்தியானம் ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போவாள். கூலி அப்போது நாளைக்கு 80 ரூபாய். வெட்டின அளவு குறைந்தால் அதிலும் குறையும். அவளுடைய அளவு குறைந்ததில்லை என்று கூட வேலை பார்த்த பெண்கள் சொல்வார்கள். பைசா பைசாவாகச் சேர்த்து, பட்டுக்கோட்டைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய், ஒரு ஜோடித் தோடு வாங்கிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கல், சின்னது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது காதில் குச்சிக்குப் பதிலாக அது மின்னியது. அது எதற்கும் போகவில்லை. காதிலேயே கடைசிவரை இருந்தது.

அப்பா 2011-ல் போனார். அதன்பிறகு வந்த வருடங்கள் மோசம். 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ல் திறக்கவில்லை. தலைப்புப் பக்கத்துக்காரர்களே தவித்தபோது கடைமடை எம்மாத்திரம். 2016-ல் மழையும் பொய்த்தது. பொதி கட்டுகிற பயிர் கண்ணெதிரே காய்ந்தது. மாட்டை அவிழ்த்து விட்டு மேய்க்கச் சொன்னாள். தன் பயிரில் தன் மாட்டை விடுவது எப்படி இருக்கும் என்று பயிர் வைத்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கஜா புயல். 2018 நவம்பர் 16, விடியற்காலை. போன் எடுக்கவில்லை, பாதை முழுக்க மரம். மறுநாள் மோட்டார் சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும்தான் ஊருக்குள் போனேன். கொல்லையில் 140 தென்னை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மா வைத்தவை. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. 112 மரம் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தன. வேரோடு சில, முறித்துப்போட்டவை சில. எழுபத்தேழு வயது அம்மா ஒவ்வொரு மரமாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். எண்ணி முடித்துவிட்டு என்னிடம், "52 புயல்ல கூரையெல்லாம் போச்சு, மரம் போவல. அன்னைக்கு மரம் இருந்தாத்தானே விழறதுக்கு" என்றாள். அந்தப் புயலில் அவளுக்குப் பதினோரு வயது.

விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 என்று அரசாங்கம் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா கேட்டார்கள். பட்டா அப்போதும் அப்பா பெயரில். ஏழு வருடமாக மாற்றாமல் விட்டது நானும் தம்பியும். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று என்று அலைந்து ஒருவழியாகச் சேர்த்தோம். நாங்கள் அலைந்த அந்த வாரங்களில் அம்மா மட்டைகளை வெட்டி அடுக்கி, கீற்று முடைந்து, ஓடு பறந்த அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆடியில் நாற்பது கன்று வைத்தாள். பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பெயருக்கு மாற்றினோம்.

2022 மாசியில் கொல்லைப் படியில் வழுக்கி இடுப்பு முறிந்தது. அந்த வயதில் ஆபரேஷன் தாங்காது என்றார்கள். கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுவந்து போடச் சொன்னாள், வாய்க்கால் பக்கம் தலை வைக்கிற மாதிரி. நான் லீவு போட்டுவிட்டு ஊரிலேயே இருந்தேன். அந்த வருடம் மேட்டூரை மே 24-லேயே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "வைகாசி பத்துலயா? யாருடா ஒன்னட்ட சொன்னா" என்றாள். டிவியில் காட்டினேன். அப்போதும் சந்தேகம்தான். தினமும் காலையில் கண் விழித்ததும் கேட்பாள், "தண்ணி வந்துட்டா?" கல்லணையில் திறந்துவிட்டார்கள் என்பேன். மறுநாள், ஒரத்தநாடு தாண்டிவிட்டது என்பேன். "சரி, சரி" என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒரு நாள் விடியற்காலை தம்பி வந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்றான். ஓடினேன். முதல் தண்ணீர், சருகும் நுரையும் புழுதியுமாக, நாக்கை நீட்டி நீட்டி வருவதுபோல மெதுவாக வந்துகொண்டிருந்தது. வாய்மடையைத் திறந்து விட்டேன். ஒரு சொம்பு மொண்டுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா படுத்தபடியே கையை நீட்டி, விரல்களைச் சொம்புக்குள் விட்டாள். எடுக்காமல் வைத்திருந்தாள்.

"செங்கலங்கலா இருக்கு. ரெண்டு நாள் போனா தெளியும்" என்றாள்.

"ஆமாம்மா."

"வாய்மடைய முழுசாத் தெறந்து விட்டுட்டா வந்த?"

"ஆமா."

"கீழ வயக்காரன் நாத்து விட்டுருக்கான் தம்பி. அவனுக்கும் போவட்டும். பாதி அடைச்சுட்டு வா."

மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கதவுக்குப் பின்னால் என்றாள். அங்கேதான் இருந்தது.